ஒரு தட்டுக்கு ஒரு பன்றி

அறுபட்ட இடம் ஆறியிருந்தது.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். புழு அறுந்தால் முனை பிசிறடித்துக் கிடக்கும். உள்ளே இருப்பது நூல் நூலாக வெளியே தொங்கும். இத்தனை வருடத்தில் அவள் பார்த்த அறுந்த புழுக்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. இந்த முனையோ விரல் நுனியைப் போல வழவழப்பாக மூடியிருந்தது. தோல் வளர்ந்து மூடியிருந்தது. இடுக்கியால் புரட்டி அடுத்த முனையைப் பார்த்தாள். அதுவும் அதே மாதிரி. தலையும் இல்லை, வாலும் இல்லை; நடு உடம்பு மட்டும் தனக்கு ஒன்றும் நேராதது போலக் கண்ணாடித் தட்டில் படுத்திருந்தது.

"போச்சுடா," என்றாள் சத்தமாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வாய்விட்டுச் சலித்துக்கொள்ள அது ஒரு வசதி.

பன்றிக் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் அடையாளமெல்லாம் அதன் தலையில் இருக்கிறது. வாயைச் சுற்றி மூன்று உதடுகள். அவை எவ்வளவு அகலம், ஓரத்தில் பல் உண்டா, எந்த உதடு பெரியது, இதையெல்லாம் பார்த்துத்தான் இது இன்ன புழு என்று எழுத முடியும். தலையைப் பார்க்காமல் பெயர் சொல்வது, தெருவில் போகிறவரின் முதுகைப் பார்த்து இவர் இன்னார் என்று சத்தியம் செய்வதற்குச் சமம். இது யாரும் இதுவரை பார்க்காத புழு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. உடம்பின் வரிகள் புதிது. பால் பழுப்பேறியது போன்ற அந்த நிறம் புதிது. ஆனால் அவளுக்குச் சந்தேகம் இல்லை என்பதை யார் கேட்டார்கள்? வெளி லேபுக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பிய துண்டு, 'இது பன்றியின் தசை, புழு அல்ல, தயவுசெய்து சரியான மாதிரியை அனுப்பவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவள் கோபத்தில் மறுபடி அனுப்பினாள். மறுபடியும் பன்றி என்றே பதில் வந்தது.

அலுவலகத்தில் இது கேலிப்பொருளாகி வெகு நாளாகிவிட்டது. கேன்டீன் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து யாராவது, "என்ன மேடம், உங்க புழு இன்னும் தலைமறைவாத்தான் இருக்கா?" என்பார்கள். அவளும் முதல் தடவை சிரித்தாள்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. புழு வந்தது அவளுடைய அக்காவின் பண்ணையிலிருந்து. அக்காவும் அத்தானும் கல்யாணமான நாளிலிருந்து வளர்த்த பண்ணை அது. வேறு பிழைப்பு அவர்களுக்குத் தெரியாது. நல்ல தீனி தின்று கொழுத்திருந்த பன்றிகள் ஒவ்வொன்றாக எலும்பும் தோலுமாகி, கடைசிவரை தின்றுகொண்டே, தொட்டியில் முகம் வைத்தபடி செத்தன. காலையில்தான் துறைத்தலைவர் போனில் கூப்பிட்டிருந்தார்.

"நாளைக்கு ஆளுங்க பண்ணைக்குப் போறாங்கம்மா. என்னன்னே தெரியாத நோய்னா மொத்தத்தையும் கொன்னு புதைக்கணும். விதி அப்படி."

"தெரியும் சார்."

"புழு எதுன்னு எழுதிக் கொடுத்துட்டா மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"தெரியும் சார்."

"தெரியும் தெரியும்னா எப்படி? தலையைக் கண்டுபிடிங்க."

இந்தத் துறைக்கே ஒரு தலைவர் இருக்கிறார், ஒரு புழுவுக்கு இருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றியது. சரி சார் என்று வைத்துவிட்டாள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது பன்றி அறுப்பவரைத்தான். அவசரத்தில் குடலோடு சேர்த்துப் புழுவையும் நறுக்கிவிடுகிறார் என்று நினைத்தாள். போனில் காய்ச்சி எடுத்தாள். அவரும் சளைக்கவில்லை: "உங்க புழுவோட தலையை வச்சு நான் என்ன மாலையா கட்டப் போறேன்?" பிறகு அவளே பண்ணைக்குப் போய், கையுறை மாட்டி, ஆவி பறக்கும் குடலை மேசையில் நீட்டி, மழுங்கிய முனைக் கத்தரியால் ஓரமாகப் பிரித்துக்கொண்டே போனாள். இரும்பும் புளிப்பும் கலந்த சூடான வாடை தொண்டையில் ஒட்டியது. புழு நடுக்குடலில் அமைதியாகக் கிடந்தது. கத்தரி அதைத் தொடவே இல்லை. இரண்டு முனையும் மூடியிருந்தன. அறுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

இப்போது அந்தத் துண்டுகளெல்லாம் ஸ்பிரிட் பாட்டில்களில், ஒரு பன்றிக்கு ஒரு பாட்டிலாக, அலமாரியில் வரிசையாக இருந்தன. ஸ்பிரிட்டில் விறைத்துப்போன புழுவைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைக்க வேண்டும். இளகிக் கொடுக்கும். அப்போது ஒரு தட்டில் ஒரு பன்றியின் புழுவை மட்டுமே போடலாம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே காதைத் திருகாத குறையாகச் சொல்லித்தரும் விதி அது. கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு துண்டை ஏற்கெனவே தட்டில் ஊறப்போட்டிருந்தாள். அடுத்த பாட்டிலைத் திறந்து, இடுக்கியால் இரண்டாவது துண்டை எடுத்தபோது போன் அடித்தது. அக்கா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"கிளம்பிட்டேண்டி. விடியக்காலையில இன்னொண்ணு போச்சு. குடலை வாளியில எடுத்துக்கிட்டு நானே வர்றேன்."

"நீ எதுக்குக்கா? அத்தான் வரலாமே."

"அவரு கொட்டகையை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. பேச்சும் இல்லை. விடு. நீ கண்டுபிடிச்சா அதுக்கு என் பேரை வையி."

"புழுவுக்கா?"

"எதுக்கோ ஒண்ணுக்கு. என் பேரை வேற யாரு வைக்கப் போறா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீக்கிரம் வா என்றாள். அக்கா ஏதோ மென்றுகொண்டே, "பசிக்குதுடி, அப்படி ஒரு பசி," என்று சொல்லி வைத்தாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் இடுக்கி காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

பேச்சு மும்முரத்தில் இரண்டாவது துண்டையும் அதே தட்டில் போட்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவிகூடச் செய்யாத தப்பு. தலையில் அடித்துக்கொண்டாள். நீளத்தை வைத்தாவது பிரிக்கலாம் என்று விளக்கை இழுத்துத் தட்டின் மேல் வைத்தாள்.

தட்டில் இரண்டு துண்டுகள் இல்லை. ஒன்றுதான் இருந்தது.

கீழே விழுந்திருக்கும் என்று தரையைப் பார்த்தாள். மேசைக்கடியில் முட்டி போட்டுப் பார்த்தாள். பாட்டிலுக்குள் பார்த்தாள். பிறகு தட்டில் கிடந்ததை இடுக்கியால் தூக்கினாள். அது தூக்கத் தூக்க வந்தது. இரண்டு துண்டின் நீளமும் அதில் இருந்தது. மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்திப் பார்த்தாள். ஒட்டு எதுவும் இல்லை. வரிகள் தடங்கலில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல். வாரக்கணக்கில் ஸ்பிரிட்டில் கிடந்தது. செத்தது. செத்தது இளகும், அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் செய்யாது. அவளுடைய கண் சரியில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு டப்பா திறக்கப்படாமல் பைக்குள்ளேயே இருக்கிறது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மூன்றாவது பாட்டிலைத் திறந்து, இந்த முறை தெரிந்தே, துண்டை அதே தட்டில் போட்டாள்.

கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் கவிந்து, அறை ஈரத்துணி போட்டு மூடியதுபோல மங்கிற்று. மூலையிலிருந்த குளிர்ப்பெட்டியின் மோட்டார் உறுமி அடங்கியது. ஸ்பிரிட்டின் காரநெடிக்கு அடியில், பண்ணை மேசையில் அவள் தொண்டையில் ஒட்டிய அந்த இரும்பு வாடை, இங்கே வர வழியே இல்லாத வாடை, மெல்ல எழுந்தது. அவள் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். குழந்தையின் கன்னத்தில் கொடுக்கும் ஈர முத்தத்தின் சத்தம்.

திரும்பிப் பார்த்தபோது மூன்றும் ஒன்றாக இருந்தது.

நிறுத்தியிருக்கலாம். அப்போது நிறுத்தியிருக்கலாம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் இத்தனை நாள் அவமானத்துக்கும் கேலிக்கும் பிறகு, முதன்முறையாக இந்தப் புழு அவளுக்கு எதையோ காட்டுகிறது. பெரிய ஸ்டீல் டிரேயை எடுத்து வைத்து, உப்புத்தண்ணீரைச் சூடுபடுத்தி ஊற்றி, அலமாரியிலிருந்த பாட்டில்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். விதி, ஒழுங்கு, எல்லாம் தண்ணீரில் போயின.

துண்டுகள் அவள் போட்ட வரிசையில் சேரவில்லை. ஒன்றையொன்று உரசி, ஒதுங்கி, தம் இடம் தேடிச் சேர்ந்தன. முத்தச் சத்தம். மறுபடி. மறுபடி. தண்ணீர் அடங்கியபோது டிரேயில் ஒரே ஒரு உடம்பு, மடித்து மடித்துச் சுருண்டு கிடந்தது. ஒரு கோடியில் கூர்மையாக, முழுமையாக, ஒரு வால்கூட இருந்தது. மறுகோடி கழுத்தாக மெலிந்துகொண்டே வந்து, மெலிந்த இடத்தில் மூடியிருந்தது.

தலை மட்டும்தான் பாக்கி.

இவை பல புழுக்கள் அல்ல என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே புழு. ஒரு பன்றியின் குடலில் ஒரு பகுதி, இன்னொன்றின் குடலில் இன்னொரு பகுதி என்று ஒரே புழு ஒரு பண்ணை முழுக்கப் படுத்திருந்திருக்கிறது. அப்படியானால் தலையும் ஒன்றே ஒன்றுதான். அது இன்னும் எங்கோ இருக்கிறது. நாளைக்கு எல்லாவற்றையும் கொன்று புதைத்தால் மண்ணுக்குள் போய்விடும். அக்காவின் பண்ணையும் அதோடு போய்விடும்.

கழுத்து முனை தண்ணீரிலிருந்து லேசாக உயர்ந்து, கதவைப் பார்த்து நின்றது.

அவள் டிரேயைத் திருப்பி வைத்தாள். முனை ஜன்னல் பக்கம் போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அசைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது மறுபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. வாளியின் பிடி கிணுகிணுத்தது.

"அப்பாடா," என்றபடி அக்கா உள்ளே வந்து வாளியை இறக்கினாள். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. வந்ததும் வராததுமாகத் தங்கையின் பையைத் துழாவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நின்றுகொண்டே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"மெதுவா சாப்பிடுக்கா. அடைச்சுக்கப் போகுது."

"வழியில மூணு இடத்துல சாப்பிட்டேண்டி. எங்க போகுதுன்னே தெரியலை. ஒட்டவே மாட்டேங்குது."

அவள் வாளியின் மூடியைத் திறந்தாள். குடல் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமே இல்லை.

"இதை யாரு திறந்தது?"

"நான்தான். உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு. இத்தனூண்டு ஒரு துண்டு இருந்துச்சு. சுண்டுவிரல் அளவு. ஒரு பக்கம் வாய் மாதிரி இருந்துச்சுடி."

"எங்க? எங்கக்கா அது?"

"கையில எடுத்தேன்." அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "எடுத்தேன். அப்புறம்..."

"அப்புறம் என்ன?"

"தெரியலைடி. அப்புறம் பசி வந்துச்சு."

அவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அக்காவிடம் அப்படிக் கத்தியதில்லை. ஒரு வேலையைத் தொடாமல் இருக்கத் தெரியாதா, உனக்காகத்தானே நான் இங்கே கிடந்து சாகிறேன், தலை கையில் கிடைத்தும் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாயே, யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று கத்தினாள். கத்தும்போதே அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்ததைக் கேட்காமல் இருப்பதற்காகவே இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

"திட்டாதேடி," என்றாள் அக்கா, காலி டப்பாவின் ஓரத்தை விரலால் வழித்தபடி. "கண்ணைச் சுத்துது. கொஞ்சம் படுத்துக்கறேன்." சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து, கால்களை மடக்கிக்கொண்டு, அடுத்த நொடியே தூங்கிவிட்டாள். வாய் பாதி திறந்திருந்தது.

டிரேயில் கழுத்து முனை பெஞ்சைப் பார்த்து நின்றது.

அவள் பின்னாலேயே நடந்து சுவரில் முட்டிக்கொண்டாள். யோசிக்க வேண்டும். வெட்டினால் துண்டு துண்டாக இருக்கும், ஆறிவிடும், சேரும். எரிக்க வேண்டும். அல்லது மொத்தமாக ஸ்பிரிட்டில், இல்லை, ஸ்பிரிட்டில்தான் இத்தனை நாளும் கிடந்தது. ஸ்பிரிட்டைவிடக் கடுமையான ஃபார்மலின் கேன் நடைக்கோடியில் உள்ள சரக்கறையில் இருக்கிறது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே போய் என்ன சொல்வது? கனமான கண்ணாடிப் பலகையை எடுத்து டிரேயை மூடினாள். அதன் மேல் தராசின் எடைக்கற்கள். மைக்ரோஸ்கோப்பையே தூக்கி அதன் மேல் வைத்தாள். "அக்கா, எழுந்திரு," என்று உலுக்கினாள். எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. அறைக்குள் இப்போது சிக்னல் விட்டுப்போயிருந்தது. கேனுக்காகவும் சிக்னலுக்காகவும் நடைக்கு ஓடினாள்.

நடை நீளமாக, ஆள் அரவமில்லாமல் கிடந்தது. சரக்கறைச் சாவி திரும்ப மறுத்தது. ஒரு கையால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். லைன் போகவில்லை. சாவி ஒருவழியாகத் திரும்பியது; கேனைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவருக்குப் போட்டாள். அவர் உடனே எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டீங்களாம்மா? சரி, தலை கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு சார்."

"அப்படிப் போடுங்க! எங்க இருந்துச்சு?"

அவள் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹலோ? எங்க கிடைச்சுதுன்னு கேட்டேன்."

பின்னால், அறைக்குள், கண்ணாடி உடைந்தது.

ஓடினாள்.

கதவு திறந்தபடி இருந்தது. மைக்ரோஸ்கோப் தரையில் கவிழ்ந்து கிடந்தது. எடைக்கற்கள் சிதறியிருந்தன. டிரேயில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

வெறும் தண்ணீர்.

மேசை விளிம்பிலிருந்து ஈரத்தடம். நாற்காலிக் காலைச் சுற்றி. தரையில். பெஞ்சின் காலில் ஏறி.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு முறை. இன்னொரு முறை. கடைசியாக ஒரு முறை, பெரியதாக. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. இத்தனை மாதக் கவலைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது.

"இப்பதாண்டி," என்றாள், வயிற்றைத் தடவியபடி, "வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

கேன் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. திறக்காத கேன். மூலையில் உருண்டு போய் நின்றது.

அக்கா சிரித்தாள். சோம்பல் முறித்தாள். பிறகு கொட்டாவி விட்டாள். நிதானமான, நீண்ட கொட்டாவி. வெளியே மேகம் விலகி, ஜன்னல் வெளிச்சம் நேராக வாய்க்குள் விழுந்தது.

நாக்குக்குப் பின்னால் அது இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவளால் தடுக்க முடியவில்லை. இத்தனை நாள் தேடிய தலை. சேதமில்லாமல். முழுசாக. கழுத்தோடு சேர்ந்து, பால் பழுப்பு நிறத்தில், உயிரோடு.

வேண்டாம் என்று நினைத்தாள். கண் பழகிய வேலையைச் செய்தது. எண்ண ஆரம்பித்தது.

இடது உதடு. வலது உதடு. மேலே ஒன்று, பெரியது. மூன்று.

பன்றிப் புழுவுக்கு மூன்றுதான்.

அதற்குக் கீழே, அவளைப் பார்த்து, நான்காவது திறந்தது.